முட்டுக் கம்பி இல்லாத கதவு

திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவே ஒரு வீட்டின் மருமகள் மீது நான் பொய்ப் பழி போட்டேன். நான் வடிவமைத்த கதவு என் தவறால் அவள் மேல் விழுந்தது. அவள் தோள் போயிற்று. அவள் கதவைப் பிடித்துத் தொங்கியதால்தான் அது விழுந்தது என்று, அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவள் குடும்பத்தாரிடம் சொன்னேன். அது பொய் என்பது எனக்குத் தெரியும். சொல்வதற்கு முன்பே தெரியும்.

எனக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பொறியியல் கல்லூரியில் கட்டடவியல் நடத்தினேன். பாரம் எங்கிருந்து புறப்பட்டு எதன் மேல் இறங்குகிறது என்பதுதான் என் பாடம். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் வீடுகளுக்கு உள்வேலை வடிவமைக்க ஆரம்பித்தேன். சமையலறை, அலமாரி, மாடிப்படிக்கு அடியில் இழுப்பறை, இப்படித் தொடங்கியது.

கொரோனாவில் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது உடற்பயிற்சிச் சாமான்கள் வாங்கிக் குவித்தார்கள். எங்கள் பக்கத்து வீடுகள் பெரியவை, ஆனாலும் இடம் இருக்காது. ஓர் அறை சாமிக்கு, ஓர் அறை வாஸ்துக்காரர் சொன்னபடி காலியாக, ஓர் அறை வருஷத்துக்கு இரண்டு நாள் வரும் விருந்தாளிக்கு. ஆகவே டிரெட்மில் ஹாலில் நிற்கும். அதன் மேல் ஈரத்துண்டு காயும். வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஓடறீங்களா, இல்ல, துணி காயப்போடறீங்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கேலிக்குப் பயந்தவர்கள் என்னிடம் வந்தார்கள்.

நான் எல்லாவற்றையும் சுவருக்குள் தள்ளினேன். புத்தக அலமாரியை இழுத்தால் பின்னால் கம்பிகள். திவானைத் தூக்கினால் அடியில் டம்பெல்கள். சுவரோடு மடித்து வைக்கும் பெஞ்சு. ஆளுயரக் கண்ணாடியை மறைக்கும் நகர்த்தும் பலகை. மூடிவிட்டால் அங்கே அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விருந்தாளி அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்து காபி குடிப்பார். அதைப் பார்க்கும்போது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கண்ணுக்குத் தெரியாமல் செய்வதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நம்பினேன்.

அந்த வீட்டுக்கு என்னை அழைத்தவர் அவளுடைய மாமனார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். மகன் அந்த வண்டிகளோடு வடக்கே போனால் மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் திரும்புவான். மருமகள் சேலத்தில் கல்லூரியில் படித்தபோது பளுதூக்கும் போட்டிகளில் பல்கலைக்கழகத்துக்காகத் தூக்கியவள். கல்யாணத்தோடு நின்றது. குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், ஒருமுறையாவது மாநிலப் போட்டியில் தூக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று புருஷனிடம் கேட்டிருக்கிறாள். அவன் அப்பாவிடம் கேட்டான். அப்பா என்னிடம் சொன்னது இது:

"செய்யட்டுங்க. நான் வேண்டாங்கல. ஆனா ஊட்டுக்கு வாரவங்க கண்ணுல அந்த இரும்பு படக்கூடாது. என் தம்பி பொண்டாட்டி வந்தா ஊருக்கே தண்டோரா போட்டுருவா."

ஹாலுக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே இருந்த சுவரை எடுத்துக்கொண்டேன். பதினைந்து அங்குல ஆழத்துக்கு ஒரு மாடம். அதற்குள் பளுக்கம்பி, தட்டுகள், பின்பக்கம் கண்ணாடி, அடி இழுப்பறையில் சுருட்டி வைத்த ரப்பர் விரிப்பு. முன்னால் ஒரே பெரிய கதவு. கீல் மேலே. கீழ்முனையைப் பிடித்துத் தூக்கினால், பஸ்ஸில் சாமான் வைக்கும் டிக்கிக் கதவு மாதிரி எழும்பி, தலைக்கு மேலே கூரை போல நிற்கும். அதைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் கேஸ் ஷாக், அதாவது காற்றழுத்தத்தில் தாங்கும் தண்டு. மூடுவதற்குக் கதவின் முனையிலிருந்து ஒரு தோல் பட்டை தொங்கும். அதை இழுத்தால் கதவு இறங்கி, சுவரோடு சுவராகிவிடும்.

அந்தப் பட்டை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று பார்க்க ஆளை அளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இஞ்சினியர் வீட்டுப் பெரியவரோடு பேசுவார். பெண்களிடம் சமையல் மேடையின் உயரம் மட்டும் கேட்பார், அதையும் மாமியாரிடம்தான் கேட்பார். வேற்று வீட்டு மருமகளை நிற்கவைத்து, "கையைத் தூக்கும்மா" என்று சொல்லி டேப் பிடிக்க எனக்குக் கூச்சம். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அவள் புருஷனை நிறுத்தி அளந்தேன். அவன் ஆறடி. "என்னைய அளந்து என்ன சார் பண்றது, நான் தூக்கறது சோத்துத் தட்டு மட்டுந்தான்" என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தோம். அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கதவை ஒட்டுப்பலகையில் செய்து மேலே தேக்குத் தாள் ஒட்டுவதாகத்தான் முதலில் பேச்சு. அந்தக் கனத்துக்குத்தான் ஷாக்குகளைக் கணக்குப் போட்டு வரவழைத்தேன். பாதி வேலையில் மாமனார், பழைய வீட்டைப் பிரித்தபோது எடுத்து வைத்த தேக்குப் பலகைகளைக் காட்டினார். "எங்கப்பன் காலத்து மரமுங்க. தாள் கீள் வேண்டாம், இதையே பதிச்சுருங்க." பலகைகள் நன்றாகத்தான் இருந்தன. ஆகட்டும் என்றேன். கதவின் கனம் இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. நான் கணக்கைத் திரும்பப் போடவில்லை. ஷாக்கை மாற்றவும் இல்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புது ஷாக் வர மூன்று வாரம் ஆகும். வேலையை முடிக்க வீட்டுக்காரர் நாள் குறித்திருந்தார்.

என்னோடு வேலை செய்த ஆசாரி நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் இருபது வருஷம் இருந்தவர். பலகை பதித்து முடித்ததும் கதவை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், இந்த ஷாக் பத்தாதுங்க."

"கணக்குப் போட்டுத்தான் வாங்கியிருக்கேன்."

"சரிங்க. அப்ப ஒரு முட்டுக் கம்பியாவது குடுத்துருவோம். லாரிக் கேபினத் தூக்குனா முட்டுக் கம்பி மாட்டாம ஒருத்தனும் தலைய உள்ள உடமாட்டானுங்க. ஷாக் புதுசா இருந்தாலுஞ் செரி."

"இது லாரி இல்லீங்களே."

"தலை அதே தலைதானுங்களே சார்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு கம்பியை மாட்டுவதென்றால் அதற்கு ஒரு கொக்கி, ஒரு துளை வேண்டும். அந்தத் தேக்குச் சுவரில் ஒரு துளை தெரியும். இத்தனை பாடுபட்டு ஒன்றும் தெரியாமல் செய்தபின் ஒரு துளை. வேண்டாம் என்றேன். 

ஒரு விரலால் தூக்கலாம் என்று அந்த வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மையில் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. வேறு யாராவது இருந்தால் முதல் வாரமே என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். அவளுக்குப் பலம் இருந்தது. அதனால் தள்ளித் திறந்தாள். மூடும்போது பட்டை எட்டாமல் எம்பிக் குதித்துப் பிடித்து இழுத்தாள். கதவு என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாளாம். பின்னால் அவளே சொன்னது.

ஐந்து மாதம் ஓடியது. போட்டிக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. ஒரு நாள் காலை, குழந்தையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்து பயிற்சி செய்துகொண்டிருந்தாள். கண்ணாடியைப் பார்த்தபடி கதவுக்கு அடியில் நின்று, பளுக்கம்பியை நெஞ்சுவரை தூக்கி நிறுத்தியிருந்த நேரத்தில் தலைக்கு மேலே கதவு இறங்கியது. கம்பியை முன்னால் எறிந்துவிட்டு வலது கையை மேலே கொடுத்தாள். கொடுத்ததால் தலை தப்பியது. தோளில் சதைநார் கிழிந்தது. சேலத்தில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். போய்க் கதவைப் பார்த்தேன். ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. ஒரு ஷாக் முழுவதும் ஓய்ந்துவிட்டது, இன்னொன்று பாதி. கனம் தாங்காமல் போயிருக்கிறது. ஆனால் நான் அரை மணி நேரம் பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், கீலைத் தட்டிப் பார்த்தேன், டேப் போட்டு எதையோ அளந்தேன். எல்லோரும் பின்னால் நின்றார்கள். அவள் சாப்பாட்டு மேஜை நாற்காலியில், கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னுங்க இஞ்சினியரு, பொருள்ல கோளாறுங்களா?" என்று மாமனார் கேட்டார்.

"பொருள்ல ஒண்ணும் இல்லீங்க. பட்டையைப் பிடிச்சுத் தொங்கியிருக்காங்க. அதான் ஷாக் உட்டுப் போச்சு."

"நான் தொங்கலைங்க சார்" என்றாள் அவள். "கையில கம்பி இருந்துச்சு."

"அன்னைக்கு இல்லம்மா. அதுக்கு முன்னாடி. தினமும் தொங்கித் தொங்கி ஓஞ்சிருக்கும்."

"பட்டை எனக்கு எட்டாதுங்க. எம்பித்தான் பிடிப்பேன். அதுக்காக..."

"அதத்தான் அம்மிணி அவருஞ் சொல்றாரு" என்றார் மாமனார்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கதவின் பக்கம் திரும்பி, டார்ச்சை அணைத்துப் பையில் வைத்தேன்.

"பொம்பளப்புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார் மாமியார். அதோடு முடிந்தது. தட்டுகளையும் கம்பியையும் மாடத்துக்குள் வைத்துக் கதவை நிரந்தரமாக மூடிவிடச் சொன்னார் மாமனார். ஆசாரியை ஸ்குரூ போடச் சொன்னேன். அவர் ஸ்குரூ டிரைவரை என் கையில் கொடுத்தார். "நீங்களே போடுங்க சார்" என்றார். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றோடு என் வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். எட்டு ஸ்குரூவும் நானே போட்டேன். தலை தெரியாமல் மரத்தூள் பசை வைத்து மூடி, நிறம் பார்த்துத் தேய்த்தேன். நன்றாகத்தான் செய்தேன்.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. அதே மாதிரிக் கதவு நான் இன்னும் இரண்டு வீட்டில் போட்டிருந்தேன். நாமக்கல்லில் ஒரு முட்டைப் பண்ணைக்காரர் வீடு, சேலத்தில் ஒரு மருத்துவர் வீடு. அந்த மாதமே இரண்டு இடத்துக்கும் போய், சும்மா ஒரு பராமரிப்பு என்று சொல்லி, ஷாக்குகளைப் பெரிதாக மாற்றி, முட்டுக் கம்பியும் வைத்துவிட்டு வந்தேன். துளையும் போட்டேன், கொக்கியும் வைத்தேன். அந்த வீட்டுக்காரர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். ஆக, தவறு எதில் என்று எனக்குத் தெரியவில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல முடியாது.

இரண்டு வருஷம் போனது. அந்தத் தேக்குச் சுவரைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் எனக்கு வேலை கொடுத்தார்கள்.

பிறகு சங்ககிரியில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து. அந்த மாமனாரின் உறவில் ஒரு குழந்தைக்கு. என்னையும் என் மனைவியையும் அழைத்திருந்தார்கள். நாங்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். அந்த மருமகள் ரசவாளியோடு வந்தாள். வாளியை இடது கையில் தூக்கி வந்து கீழே வைத்து, அதே இடது கையால் கரண்டி எடுத்தாள். எதிர்வரிசையிலிருந்த ஒரு அம்மாள், "ஏ அம்மிணி, சோத்துக் கைல ஊத்தறது!" என்றார். பக்கத்திலிருந்த ஒருவர் சொன்னார்:

"அவளுக்குச் சோத்துக் கை எங்கிருக்குது? அதான் கதவுல தொங்கி ஒடிச்சுக்கிட்டாளே."

"அட, அந்தத் தொங்குன மருமக இவதானா?"

"ஆமாங்கறேன். இங்க மண்டபத்துக் கதவையெல்லாஞ் சாத்தி வைங்கப்பா!"

வரிசை முழுக்கச் சிரித்தது. மாமனாரும் சிரித்தார். பிறகு என்னைக் கையால் காட்டி, "இஞ்சினியருதான் சாட்சி. கேட்டுப்பாருங்க" என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் சிரித்தேன். தலையையும் ஆட்டினேன். அவள் எனக்கும் ரசம் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

திரும்பி வரும் வழியில் காரில் என் மனைவி கேட்டாள்: "அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தீங்களா?"

"ம்."

"அவங்கதான் வெவரங்கெட்டுச் சிரிக்கறாங்கன்னா, நீங்களுமா சிரிப்பீங்க?"

வண்டியை ஓரம் நிறுத்தினேன். கணக்குப் போடாதது, கம்பி வேண்டாம் என்றது, பொய் சொன்னது, மற்ற இரண்டு வீட்டில் போய்ச் சரிசெய்தது எல்லாவற்றையும் சொன்னேன். லாரிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. அவள் முழுவதும் கேட்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது? அங்க போயிச் சொல்லுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை போனேன். மாமனார் ஹாலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மகனும் அப்போது ஊரில் இருந்தான். உங்கள் மருமகளையும் வீட்டம்மாவையும் கூப்பிடுங்கள், எல்லோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். ஏதோ கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. பழைய கணக்குத் தாளை மேஜை மேல் வைத்தேன். இந்தத் தாளில் இருப்பது ஒட்டுப்பலகையின் கனம், சுவரில் இருப்பது தேக்கின் கனம், நடுவில் நான் கணக்கைத் திருத்தவில்லை என்றேன். ஆசாரி எச்சரித்ததைச் சொன்னேன். பட்டை எட்டாமல் போனதற்கு அவளை அளக்காததுதான் காரணம் என்றேன். "உங்க மருமக தொங்கல. நான்தான் பொய் சொன்னேன். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"போனது போச்சுங்க" என்றார் மாமனார், மெதுவாக. "உங்க வயசுக்கும் படிப்புக்கும் இதையெல்லாம் வந்து சொல்லோணுமா? உக்காருங்க, காப்பி குடிக்கலாம்."

அவர் அப்படிச் சொன்னது எனக்கு அடி வாங்கியதைவிட மோசமாக இருந்தது. அப்போதும் அவர் என் மரியாதையைத்தான் காப்பாற்றப் பார்த்தார். மகன் எழுந்தான். "சார், அவ தோளு இனி தலைக்கு மேல போகாதுங்க. டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க காப்பி குடிக்க வந்தீங்களா?" என்றான்.  

நான் அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவள் மேஜை மேல் இருந்த தாளை எடுத்துப் பார்த்தாள். திரும்ப வைத்தாள்.

"நீங்க இப்பச் சொல்றத நான் அன்னைக்கே சொன்னேனுங்க" என்றாள். "கையில கம்பி இருந்துச்சுன்னு சொன்னேன். யாரும் காதுலயே வாங்கல. இன்னைக்கும் நீங்க வந்து சொன்னதாலதான் இவங்க நம்பறாங்க."

அது உண்மை. நான் பாரத்தை இறக்கி வைக்க வந்தேன். வந்த இடத்திலும் என் வார்த்தைக்குத்தான் எடை இருந்தது.

என்ன செய்தால் சரியாகும் என்று கேட்டேன். கதவைப் பிரித்து, புது ஷாக் போட்டு, முட்டுக் கம்பி வைத்து, பட்டையைச் சரியான நீளத்தில் மாற்றித் தருவதாகச் சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள்.

"மறைக்காமப் போட்டுத் தர முடியுங்களா?"

"எங்கம்மா?"

"ரிக் வண்டி நிறுத்தற ஷெட்டுல."

"ஷெட்டு ரோட்டைப் பாத்து இருக்குது அம்மிணி" என்றார் மாமனார்.

"இருக்கட்டுங்க மாமா."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மாமியார் பேசினார். அதுவரை அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "போடட்டும் உடுங்க. ரெண்டு வருசமா ஒரு சனம் பாக்கியில்லாமச் சிரிச்சுது. அப்ப உங்களுக்கு ரோடு தெரியலயாக்கும்."

ஆசாரியைத் தேடிப் போனேன். எடப்பாடிக்குப் போகும் சாலையில் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். "ரெண்டு வருசம் ஆச்சுங்களா சார், சொல்றதுக்கு?" என்றார். ஆனாலும் வந்தார். உள்ளே இருந்த கம்பியையும் தட்டுகளையும் வெளியே எடுப்பதற்காக, நான் பசை வைத்து மறைத்த எட்டு ஸ்குரூவையும் தோண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் எடுத்தேன்.

ஷெட்டில் தரையை உடைத்து, கம்பி கட்டிக் காங்கிரீட் போட்டு, மேலே ரப்பர் பதித்தோம். பளுக்கம்பி வைக்க இரும்புச் சட்டம். டேப்பை நான் பிடிக்கவில்லை. அவளிடம் கொடுத்தேன். அவள் அளந்து சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். நான் மனதில் வைத்திருந்த உயரத்துக்கும் அவள் சொன்ன உயரத்துக்கும் ஒரு சாண் வித்தியாசம் இருந்தது. வலது கையை முழுசாகத் தூக்க முடியாததால் சில அளவுகளை இடது கையால் எடுத்தாள். நான் உதவப் போகவில்லை, அவளும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மாமனார் சட்டத்துக்கு முன்னால் ஒரு லாரித் தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டார். அவள் அதை அவிழ்த்து மடித்து வைத்தாள். அவர் மறுபடி கட்டினார். மறுபடி அவிழ்த்தாள். இப்படி ஒரு மாதம் நடந்தது என்று ஆசாரி சொன்னார். இப்போது தார்ப்பாய் வண்டியில் இருக்கிறது. அவள் பயிற்சி செய்யும் நேரத்தில் மாமனார் ஷெட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறாராம். சாலையில் நின்று யாராவது வேடிக்கை பார்த்தால், "என்னப்பா, போர் போடோணுமா?" என்று கேட்கிறாராம்.

தோள் திரும்பவில்லை. தலைக்கு மேலே தூக்கும் வகைப் போட்டியில் அவள் இனிக் கலந்துகொள்ள முடியாது. அவள் பத்து வருஷம் மனதில் வைத்திருந்தது அந்தப் போட்டிதான். அதை நான் எடுத்துவிட்டேன். எந்தத் தரையைப் போட்டும் அதைத் திருப்பித் தர முடியாது. இப்போது தரையிலிருந்து தொடைவரைக்கும் மட்டும் தூக்கும் இன்னொரு வகையைச் செய்கிறாள். அதிலும் போட்டி உண்டாம். போவாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

அந்தக் கேலி நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அவர்கள் உறவு பெரியது. ஆத்தூர்ப் பக்கம்வரை இருக்கிறது. போன தை மாதம் ஒரு கல்யாணத்தில், முன்பின் தெரியாத ஒருவர், "கதவுல தொங்கிக் கை ஒடிச்ச மருமக" கதையை என்னிடமே சொன்னார். நான் அவரை நிறுத்தி, அந்தக் கதவைச் செய்தவன் நான்தான், அந்தப் பெண் தொங்கவில்லை, பிழை என்னுடையது என்றேன். அவர் சங்கடப்பட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார். இப்போது இந்த மாதிரி விசேஷங்கள் ஒன்றையும் நான் தவிர்ப்பதில்லை. போகிற இடத்தில் யாராவது ஆரம்பித்தால் சொல்லிவிடுகிறேன். சிலர் நம்புகிறார்கள். சிலருக்குத் தொங்கின கதைதான் பிடித்திருக்கிறது. அன்று அந்தப் பொய்யைச் சொல்ல நான் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

சுவருக்குள் மறைக்கும் வேலையை விட்டுவிட்டேன். கேட்டு வருகிறவர்களிடம் காரணத்தையும் சொல்கிறேன். அவர்கள் வேறு ஆளிடம் போகிறார்கள்.

போன மாதம் அவளே எனக்குப் போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"சார், பாரத்தைக் கூட்டோணும். கம்பியக் கீழ போட்டா அந்தத் தரை எவ்வளவு தாங்கும்?"

சொன்னேன்.

"வாயில வேண்டாங்க. கணக்கோட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க."

அன்று முழுவதும் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். காங்கிரீட்டின் தடிமன், அதற்குள் கட்டிய கம்பிகளின் இடைவெளி, எவ்வளவு பாரம், எவ்வளவு உயரத்திலிருந்து விழலாம், எதற்கு மேல் கூடாது என்று எல்லாம் எழுதினேன். மூன்று முறை சரிபார்த்துக் கையெழுத்திட்டு ஆசாரியிடம் கொடுத்தனுப்பினேன்.

பத்து நாள் கழித்து ஆசாரி வந்திருந்தார். "சார், அந்தக் காகிதத்தை அம்மிணி சேலத்துல இன்னொரு இஞ்சினியர்கிட்டக் குடுத்துப் பாக்கச் சொல்லிச்சுங்க" என்றார், கொஞ்சம் தயங்கி.

"என்ன சொன்னாராம்?"

"சரியாத்தான் இருக்குதுன்னாராம். அதுக்கப்புறந்தான் பாரங் கூட்டுச்சு."